திருப்பிச் செய்ய வேண்டாத பணம்

செல்லூரில் என் அக்கா செல்லத்தாய் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு கம்பி தொங்குகிறது. மளிகைக் கடையில் சீட்டுக் குத்திவைப்பார்களே, அந்த மாதிரிக் கம்பி. அக்கா வீட்டுக்காரர் முத்திருளன், என் மச்சான், அதில் பத்திரிகைகளைக் குத்திவைப்பார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புது வீடு, எதுவாக இருந்தாலும் அங்கேதான் போகும். விசேஷத்துக்குப் போய்வந்த அன்றே அந்தப் பத்திரிகையை உருவி எடுத்துவிடுவார். ஆகவே கம்பியில் இருப்பதெல்லாம் இனிமேல் போக வேண்டிய வீடுகள். ஆவணி, தை மாதங்களில் கம்பி வளைந்து கொடுக்கிற அளவுக்குச் சேர்ந்துவிடும்.

போன மார்கழிக் கடைசியில் அவர் இறந்தார். அன்று அந்தக் கம்பியில் இரண்டே பத்திரிகைகள் இருந்தன. வந்தவர்களில் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்குக் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

மச்சானைப் பற்றி எழுத வேறு யாரும் இல்லை. எழுதுகிற அளவுக்கு அவர் ஒன்றும் செய்துவிடவும் இல்லை. உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு மானாவாரி ஊரில் பிறந்தார். மழை பொய்த்த ஒரு வருஷம் ஊரைவிட்டுக் கிளம்பி செல்லூருக்கு வந்து ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் மூட்டை சுமந்தார். அப்புறம் ஒரு வேனில் கிளீனர், பிறகு டிரைவர். எங்கள் அக்காவைக் கட்டிக்கொண்ட பிறகு தவணையில் ஒரு குட்டியானை வண்டி எடுத்தார். நிலக்கோட்டையிலிருந்து பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. பகலில் கிடைத்த சில்லறை லோடு. பெரிய குடி கிடையாது. சீட்டாட்டம் கிடையாது. ஒரே மகன், செல்வக்குமார். அவனை எஞ்சினியரிங் படிக்க வைத்தார்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். செய்முறையை, அதாவது விசேஷ வீட்டுக்குச் செய்கிற மொய்ப் பணத்தை, ஆள் மூலம் கொடுத்துவிட மாட்டார். லோடு இறக்கிய கையோடு வண்டியிலேயே வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விடுவார். மொய் எழுதுகிற மேசைக்கு முன்னால் நின்று, "செல்லூர் முத்திருளன்" என்று ஊர்ப் பெயரோடு அழுத்திச் சொல்வார். மைக்கில் அவர் பெயரை வாசித்து முடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்.

"பேங்க்குல டோக்கனுக்குக் காத்துருக்கிற மாதிரி நிக்கிறீகளே மச்சான்" என்று நான் ஒரு தடவை சீண்டினேன்.

"ஊரை விட்டு வந்தவன் பேரு வருசத்துக்கு நாலு தடவையாச்சும் ஊருல மைக்ல கேக்கணும் மாப்ள. இல்லைன்னா செத்துட்டான்னு நெனச்சுக்கிருவாக" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் வீட்டு விசேஷத்தில் ஒருவர் ஐயாயிரம் மொய் எழுதினால், அவர் வீட்டு விசேஷத்தில் நாம் அந்த ஐயாயிரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து எழுத வேண்டும். அந்தக் 'கொஞ்சம்'தான் முக்கியம். சேர்த்துப் போட்டால் அடுத்த முறை அவர் நமக்குச் செய்ய வேண்டும். சரியாக அதே தொகையைத் திருப்பி வைத்தால், இத்தோடு போதும், உன் வாசலுக்கு நானும் என் வாசலுக்கு நீயும் இனி வேண்டாம் என்று அர்த்தம். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். புரிந்துகொள்வார்கள்.

செல்வக்குமார் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்த்தான். அவன் மனைவி தமிழ்ச்செல்வி நர்ஸ். அவளோடு படித்தவர்கள் பாதிப் பேர் கனடாவில் இருக்கிறார்கள். அங்கே நிரந்தரமாகத் தங்குகிற அனுமதிக்கு இவர்களும் விண்ணப்பிக்க நினைத்தார்கள். ஆங்கிலப் பரீட்சை எழுதினார்கள், சான்றிதழ்களை அனுப்பிச் சரிபார்த்தார்கள். எல்லாம் சரியாக வந்தது. வயதுக்கும் மதிப்பெண் உண்டு. செல்வக்குமாருக்கு முப்பது தாண்டிவிட்டதால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சில மதிப்பெண்கள் குறையும் என்றார்கள். மிச்சம் நின்றது பணம். அங்கே போய் இறங்கினால் வேலை கிடைக்கும்வரை கையில் வைத்துச் சாப்பிட இவ்வளவு இருக்கிறது என்று வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். அவர்கள் இரண்டு பேர், ஒரு கைக்குழந்தை. மூன்று பேருக்கு நம் காசுக்குப் பதினான்கு லட்சம் வந்தது. சும்மா ஒருநாள் காட்டினால் போதாது. ஆறு மாதம் அது கணக்கில் கிடந்திருக்க வேண்டும். கடன் வாங்கியதாகவும் இருக்கக் கூடாது.

செல்வக்குமாரிடம் ஐந்து லட்சம்தான் இருந்தது.

"அம்புட்டுத்தானா?" என்றார் மச்சான். "பாப்பாவுக்குக் காது குத்திருவோம்."

இதில் அவருக்கு யோசிக்கவே ஒன்றும் இருக்கவில்லை. மகன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் வீட்டில் விசேஷம் நடக்கவில்லை. அத்தனை வருஷமாக ஊர் ஊராகப் போய் எழுதிய மொய் வெளியே நின்றது. தை மாதம் செக்கானூரணிப் பக்கம் ஒரு மண்டபம் பிடித்து, கிடாய் வெட்டி, காதுகுத்து வைத்தார். இப்போதெல்லாம் மொய் எழுதக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இரண்டு பையன்கள் மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பெயரையும் தொகையையும் தட்டத் தட்ட, பக்கத்தில் ஒரு சின்ன மிஷின் ரசீது துப்புகிறது. எழுதியவர் கைப்பேசிக்கு நன்றி என்று செய்தியும் போய்விடுகிறது. விருந்துச் செலவு போக ஒன்பது லட்சத்துச் சொச்சம் மிஞ்சியது. மச்சான் அதைத் தன் கணக்கில் கட்டி, மகன் கணக்குக்கு மாற்றிவிட்டார். பதினான்கு ஆகிவிட்டது.

தல்லாகுளத்தில் இந்த விண்ணப்பங்களைப் பார்த்துத் தருகிற ஒரு சிறிய ஆபீசுக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார்கள். நானும் தல்லாகுளத்தில்தான் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். பேப்பர் விவகாரம் என்றால் மச்சானுக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மரியாதையான பெண். அப்பா மகனுக்குக் கொடுப்பது பிரச்சினை இல்லை, நன்கொடைப் பத்திரம் ஒன்று எழுதினால் போதும் என்றாள். ஆனால் அப்பா கணக்கில் ஒரே வாரத்தில் இவ்வளவு ரொக்கம் விழுந்திருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும்.

மச்சான் பெருமையாக ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். கம்ப்யூட்டரில் அடித்த மொய்ப் பட்டியல்.

"இவங்க எல்லாம் உங்களுக்கு கிஃப்ட்டா குடுத்தாங்களா சார்?"

"ஆமாம்மா. செய்முறை."

"திருப்பிக் கேக்க மாட்டாங்கள்ல?"

"சேச்சே. கேக்க மாட்டாக. கேட்டா அசிங்கம்ல. நம்மதான் பாத்துச் செய்யணும்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எப்ப செய்வீங்க?"

"அவுக வீட்டுல விசேசம் வரும்போது."

"அப்ப இது லோன் மாதிரி ஆயிருதே சார்."

"லோனுன்னா வட்டி இருக்கும்ல? இதுல வட்டியெல்லாம் கெடயாதும்மா" என்றார் மச்சான். "என்ன, வாங்குனதுக்கு மேல கொஞ்சம் சேத்துப் போடுவோம். அம்புட்டுதான்."

செல்வக்குமார் தலையில் கைவைத்துக்கொண்டான். "அப்பா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்கப்பா."

"ஏன்டா, உள்ளதைத்தான சொல்றேன்."

அந்தப் பெண் நல்லவிதமாகவே ஒரு வழி சொன்னாள். எல்லோரிடமும் வாங்க வேண்டாம், பெரிய தொகை எழுதிய ஐந்து பேரிடம் மட்டும் ஆளுக்கொரு பத்திரம் வாங்கினால் போதும். வாசகத்தை அவளே அடித்துக் கொடுத்தாள். ஆங்கிலத்தில் ஒன்று, அதைத் தமிழில் ஒன்று. 'இத்தொகை நான் மனமுவந்து அளித்த அன்பளிப்பு. இது கடன் அல்ல. இதை எக்காலத்திலும் திரும்பப் பெற மாட்டேன்.'

வெளியே வந்து டீ குடிக்கும்போது மச்சான் அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார். "எக்காலத்திலும்னு போட்டுருக்காகளே மாப்ள" என்றார்.

"சட்டத்துக்காக அப்படி எழுதுவாங்க மச்சான்."

"இல்ல, எக்காலத்திலும்னா... சரி."

ஐந்து பேரில் அதிகமாக எழுதியவர் ஒச்சம்மாள். மச்சானின் பெரியப்பா மகள். செக்கானூரணிக்கு மேற்கே கட்டிக்கொடுத்த ஊர். புருஷன் இல்லை. ஒரு மகன், அவன் பிள்ளைகள், நாலு மாடு. மச்சான் அவருக்குப் பல வருஷமாக, அவர் வீட்டுக்குக் கூரை போட்டதிலிருந்து செய்துவந்திருக்கிறார். அதையெல்லாம் கூட்டி, மேலும் போட்டு, காதுகுத்தில் ஒச்சம்மாள் ஒரு லட்சத்து ஆயிரம் எழுதியிருந்தார்.

நாங்கள் போனபோது அவர் மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மச்சான் ஏதேதோ பேசினார். மாடு சினையா, மழை உண்டா, பேரனுக்குப் பெண் அமைந்ததா. விஷயத்துக்கு வர முடியவில்லை. கடைசியில் என்னைக் காட்டி, "மாப்ள ஒண்ணு வாசிப்பாரு, கேளுக்கா" என்றார்.

நான் வாசித்தேன். சத்தமாக வாசிக்கும்போது அது ரொம்ப மோசமாக இருந்தது.

ஒச்சம்மாள் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நமக்குள்ள முடிஞ்சு போச்சுன்னு எழுதித் தரச் சொல்றியாடா?" என்று கேட்டார்.

"ஐயோ, அப்படி இல்லக்கா. இது பேப்பருக்குத்தான். வெளிநாட்டுக்காரன் கேக்கிறான்."

"அவனுக்கு என்னத்துக்கு நம்ம செய்முறை?"

"கடன் வாங்கிட்டு வர்றவன்னா வேணாங்கிறான்."

"கடனில்லாதவன் எவன்டா இருக்கான் ஒலகத்துல? அவன் யாருக்கும் செய்ய வேண்டியது இல்லையாக்கும்?" என்றார் ஒச்சம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துக் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு, "இதுல போட்டாத்தான் செல்வம் போக முடியுமா?" என்றார்.

"ஆமாக்கா."

"குடு."

கையெழுத்துப் போடத் தெரியும் அவருக்கு. மெதுவாக எழுத்துக் கூட்டிப் போட்டார். போட்டுவிட்டு எங்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. திரும்பி வரும்போது மச்சான் வண்டியை மெதுவாக ஓட்டினார். மற்ற நாலு பேரும் பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் மட்டும், "கடுதாசிக்குத்தான மாப்ள, நெசத்துக்கு இல்லையே?" என்று கேட்டார். மச்சான், "கடுதாசிக்குத்தான் மாமா" என்றார்.

அதன் பிறகு பணம் வங்கியில் கிடந்தது. ஆறு மாதம் அதைத் தொடக் கூடாது. விண்ணப்பம் போன பிறகும், அவர்கள் அங்கே போய் இறங்கும்வரை குறையக் கூடாது. மற்றவர்கள் வீட்டு விசேஷங்களோ நிற்கவில்லை. காதுகுத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பத்திரிகை கொண்டுவந்து வைத்தார்கள். வழக்கமாக அந்த மொய்ப் பணத்திலிருந்தே எடுத்து எடுத்துத் திருப்பிச் செய்வது. இப்போது அதற்கு வழியில்லை. மச்சான் இரட்டை லோடு அடிக்க ஆரம்பித்தார். நிலக்கோட்டை நடை முடித்துவிட்டு அப்படியே திண்டுக்கல்லுக்குக் காய்கறி. வெயில் தாழ்ந்ததும் ஒட்டன்சத்திரம். மத்தியானம் மாட்டுத்தாவணியில் வண்டியை நிழலில் போட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துத் தூங்குவார். சித்திரையில் வண்டியின் கிளட்ச் போய்விட்டது. மாற்றக் காசில்லாமல் மூன்று நாள் வண்டி நின்றது.

"பதினாலு லட்சத்துக்கு அதிபதி" என்றாள் அக்கா. "கிளட்ச்சு மாத்தத் தம்பிக்கிட்டக் கைமாத்து கேக்குறாரு."

"வெள்ளக்காரனுக்காகக் காவல் காக்குறேன்டி. காவக்காரன் களத்துல அள்ளித் தின்னலாமா?"

அவர் அவ்வப்போது மகனின் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிந்துகொண்டு வருவார். தேவையே இல்லை, கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஆனாலும் போவார். வந்து, "இருக்கு" என்பார். அவ்வளவுதான். முகம் அந்த வருஷம்தான் ஒடுங்கியது. கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. டாக்டரிடம் போகச் சொன்னோம். போனார். ரத்தக் கொதிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டார். ஓய்வெடுக்கச் சொன்னதை மட்டும் கேட்கவில்லை.

ஆவணி வந்தது. கையெழுத்துப் போட்ட ஐந்து வீடுகளில் மூன்றில் விசேஷம் என்று காதில் விழுந்தது. ஒன்றிலிருந்தும் பத்திரிகை வரவில்லை. அதில் ஒன்று ஒச்சம்மாளின் பேரன் கல்யாணம்.

மச்சான் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "யாரும் வந்தாகளா?" என்று கேட்பார். இல்லை என்றால் கம்பியைப் பார்ப்பார். பிறகு அக்காவிடம், "தபால்ல கிபால்ல போட்டுருப்பாகளோ?" என்றார். அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டார். ஒச்சம்மாளுக்குச் செய்ய வேண்டிய பணத்தை அவர் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அதை ஓர் உறையில் போட்டு மேலே பெயர் எழுதி வைத்திருந்தார். முழுத்தொகை சேரவில்லை. பேரன் கல்யாணத்துக்கு ஒரு பங்கைச் செய்துவிட்டு, மிச்சத்தைப் பேத்தி விசேஷத்தில் செய்வதாக யோசனை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவருக்கு ஒரு லோடு வந்தது. மார்க்கெட்டில் அவர் வழக்கமாகப் பூ ஏற்றும் கடைக்காரர் ராம்கி, மறுநாள் காலை செக்கானூரணி மண்டபத்துக்கு மேடை அலங்காரப் பூவும் மாலையும் போக வேண்டும் என்றார். யார் கல்யாணம் என்று மச்சானுக்குத் தெரியும். வேறு வண்டியைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு லோடு ஏற்றப் போனார் என்று ராம்கி பிற்பாடு என்னிடம் சொன்னார். "என்னண்ணே, மாப்பிள்ளை நீங்கதானான்னு கேட்டேன். கூடையைத் தூக்கி ஏத்துனாரு" என்றார்.

நடந்ததை மச்சானே என்னிடம் சொன்னார். மண்டபத்தின் பின்வாசலில் வண்டியைப் போட்டுக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். சமையல்கட்டுப் பக்கமிருந்து ஒச்சம்மாள் வந்தார். இவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"முத்து, நீயா லோடு கொண்டாந்த?"

"ஆமாக்கா. பூவு."

"உள்ள வா. சாப்புட்டுப் போ."

"பத்திரிகை இல்லாம எப்படிக்கா பந்தியில உக்கார்றது? பூக்கார வண்டிக்காரனா வந்தேன், அப்படியே போறேன்."

ஒச்சம்மாள் அவர் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டி மறைவுக்கு இழுத்துப் போயிருக்கிறார். "உன் மேல வெறுப்புல வைக்காம இருப்பேனா? பத்திரிகை வச்சா நீ வந்து எழுதுவ. எழுதாம உன்னால இருக்க முடியாது. எழுதுனா கம்ப்யூட்டர்ல ஏறும். திரும்ப வாங்க மாட்டேன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கேன். வாங்கிட்டேன்னு அங்க தெரிஞ்சா உன் மகன் காரியம் கெட்டுப் போகாதா? மத்தவுகளும் அதுக்குத்தான்டா வைக்கலை. நாங்க பேசிக்கிட்டோம்."

"அதெல்லாம் அங்க தெரியாதுக்கா" என்றிருக்கிறார் மச்சான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

சட்டைப் பையில் உறை இருந்தது. "கம்ப்யூட்டர் வேணாம்க்கா, உன் கையில தாரேன்" என்று எடுத்தாராம். ஒச்சம்மாள் வாங்கவில்லை. "செல்வம் போய்ச் சேரட்டும். ரெண்டு பேரும் உசுரோடதான இருக்கோம்" என்றாராம்.

சாப்பிடாமல்தான் வந்தார். ஆனால் வண்டியை உடனே எடுக்கவில்லை. முன்வாசல் மைக்கில் மொய் வாசிக்க ஆரம்பித்தார்கள். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாராம். "நம்ம ஊர்க்காரக அம்புட்டுப் பேரும் வந்துருக்காக மாப்ள" என்றார்.

பிறகு என்னிடம் கேட்டார். "நெசமாவே அவுகளுக்குத் தெரிய வருமா?"

"வராது மச்சான். மொய்க் கம்ப்யூட்டருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

"உறுதியா?"

நான் உறுதி என்றுதான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்" என்றார். "ஏழு மாசம் பொறுத்தாச்சு. இன்னுங் கொஞ்சம். பய போய் எறங்குனதும் அஞ்சு வீட்டுக்கும் நானே போயிருவேன். பத்திரிகை வச்சாலும் சரி, வைக்காட்டாலும் சரி."

ஆவணிக் கடைசியில் வங்கி மேலாளர் கடிதம் கொடுத்தார். ஆறு மாதச் சராசரி இருப்பு இவ்வளவு, பாக்கிக் கடன் ஏதும் இல்லை. விண்ணப்பம் போனது. மச்சான் அந்தக் கடிதத்தின் நகலை வாங்கிப் பார்த்தார். "கடன் ஏதும் இல்லைன்னு போட்டுருக்கானா?" என்று கேட்டுவிட்டு, மடித்துக் கொடுத்தார்.

பதில் வரவில்லை. ஐப்பசி போனது, கார்த்திகை போனது. கையெழுத்துச் சேதி பரவி, மற்ற வீடுகளிலிருந்தும் தைக்குப் பத்திரிகை வருவது குறைந்துபோனது. மச்சானிடம் இப்போது ஐந்து உறைகள் இருந்தன. வண்டி ஓட ஓட ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வந்தார். சாயங்காலங்களில் செல்வக்குமார் கோயம்புத்தூரிலிருந்து பேசுவான். "வந்துச்சாடா?" "இன்னும் இல்லப்பா." பொங்கலுக்கு முன்னால் பூ மார்க்கெட்டில் ஓய்வே இருக்காது. மார்கழி முடிகிற வாரம், ராம்கி கடை முன்னால் மூட்டை இறக்கிக் கொடுத்துவிட்டு, "ஒரு டீ சொல்லு" என்று வண்டியின் படியில் உட்கார்ந்தார். டீ வருவதற்குள் சாய்ந்துவிட்டார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோகும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

கேதத்துக்கு, சாவு வீட்டுக்கு, பத்திரிகை கிடையாது. அழைப்பும் கிடையாது. ஐந்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். செல்லூர்ச் சந்துக்குள் நிற்க இடமில்லாமல் கூட்டம். ஒச்சம்மாள் வேன் பிடித்து ஆட்களோடு வந்தார். மச்சானின் காலைப் பிடித்துக்கொண்டு அழுததில், "சாப்புடாமப் போனியேடா" என்பது மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்தது. மற்றவர்களுக்கு அது என்ன என்று புரிந்திருக்காது.

கருமாதிக்குச் சில நாள் முன்னால் செல்வக்குமாருக்குச் செய்தி வந்தது. பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லிவிட்டார்கள். கிடைத்துவிட்டது என்றுதான் அர்த்தம். வீட்டில் யாரும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அக்காவிடம் நான்தான் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

கருமாதியன்று தாய்மாமன் என்கிற முறையில் செல்வக்குமாருக்கு உருமா கட்டியது நான். இனி இந்த வீட்டுக்கு நீதான் என்று உறவுக்காரர்கள் முன்னால் புதுத்துண்டைத் தலையில் சுற்றிவிடுவது. ஊர்ப் பெரியவர் ஒருவர் நோட்டில் மொய் எழுதினார். கருமாதிக்குக் கம்ப்யூட்டரும் இல்லை, மைக்கும் இல்லை.

எல்லாரும் எழுதி முடித்த பிறகு ஒச்சம்மாள் செல்வக்குமாரைப் பக்கத்தில் கூப்பிட்டார். "உனக்கு வந்துருச்சாடா?"

"பாஸ்போர்ட் கேட்டிருக்காங்க அத்தை. வந்துரும்."

"இனிமே திரும்ப ஒண்ணும் நோண்ட மாட்டானுகள்ல?"

"மாட்டாங்க அத்தை."

அக்கா எழுந்து உள்ளே போனாள். பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒச்சம்மாள் பெயர் எழுதிய உறையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "மதினி, இது உங்களுக்குன்னு அவரு சேத்தது. முழுசாச் சேரலை" என்றாள்.

ஒச்சம்மாள் வாங்க மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். வாங்கிக்கொண்டார். எண்ணவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு இடுப்பில் செருகினார். "எங்க வீட்டு நோட்டுல எழுதச் சொல்லிருவேன். பேரன் கல்யாணத்துக்குக் கீழயே எழுதச் சொல்றேன். செல்லூர் முத்திருளன்னு. வந்தான்ல அன்னைக்கு" என்றார்.

பிறகு சுருக்குப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து செல்வக்குமார் கையில் வைத்து, அவன் விரல்களை மடக்கிவிட்டார். நோட்டுக்காரரைப் பார்த்து, "எழுதுங்கண்ணே. ஒச்சம்மாள், ஐந்நூறு. செல்வக்குமாருக்கு" என்றார்.

"ஏற்கெனவே எழுதிட்டியேம்மா" என்றார் அவர்.

"அது என் தம்பிக்கு. இது இவனுக்கு." செல்வக்குமாரிடம் திரும்பினார். "இதுக்குக் கையெழுத்தெல்லாம் போட்டுத் தர மாட்டேன். இத நீ திருப்பிச் செய்யணும்."

"செய்றேன் அத்தை. எப்பன்னு சொல்லுங்க, அனுப்பி விடுறேன்."

"அனுப்பி விடுறதா? உங்கப்பன் என்னைக்குடா அனுப்பி விட்டான்? என் கேதத்துக்கு வந்து செய். அதுக்கு யாரும் பத்திரிகை வைக்க மாட்டாக. நீயா கேள்விப்பட்டு வரணும்."

செல்வக்குமார் தலையில் உருமாவோடு அந்த ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஒச்சம்மாள் அவனைச் சட்டை செய்யாமல், "செல்லத்தாயி, வேன்காரன் அவசரப்படுத்துறான், வாரேன்" என்று எழுந்தார்.

அவர்கள் போய் இறங்கி இப்போது கொஞ்ச நாள் ஆகிறது. அங்கே பனி என்று படம் அனுப்புகிறார்கள். அந்த ஐந்நூறு ரூபாயை எங்கே வைத்துவிட்டுப் போவது என்று செல்வக்குமார் கிளம்புகிற அன்று என்னிடம் கேட்டான். வங்கியில் போட வேண்டாம், அம்மாவிடம் கொடு என்றேன். கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

மற்ற நாலு உறைகளும் பீரோவில் இருக்கின்றன. அவற்றில் ஒரு வீட்டிலிருந்து வைகாசிக்குப் பத்திரிகை வந்திருக்கிறது. புருஷன் பொண்டாட்டி இரண்டு பேராக வந்து, அக்கா கையில் வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா அதைக் கம்பியில் குத்திவைத்திருக்கிறாள். என்னைத்தான் போய் எழுதச் சொல்கிறாள். யார் பெயரில் எழுதுவது என்று நான் கேட்கவில்லை.